சத்தமில்லாத வாட்டர் கூலிங்: தடிமனான ரேடியேட்டர் ஒன்றா, மெல்லியது இரண்டா?

கேள்வி
ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டு இரண்டையும் ஒரே லூப்பில் (தண்ணீர் சுற்றிவரும் குழாய்ச் சுற்று) போடப் போகிறேன். கேபினெட்டில் முன்பக்கம் 360 ரேடியேட்டர் (மூன்று 120 மிமீ ஃபேன் நீளம்), மேலே 280 (இரண்டு 140 மிமீ ஃபேன் நீளம்) பிடிக்கும். கோடையில் அறை 33 டிகிரி வரை போகும். முன்னால் 60 மிமீ தடிமனில் ஒன்று போதுமா, 30 மிமீயில் இரண்டா? எந்த ஃபேன்? கேம் ஓடும்போதும் இரைச்சல் காதில் விழக்கூடாது.

பதில் 1
30 மிமீ இரண்டு போடுங்க. 60 மிமீ ஆழத்துக்குள் காற்றைத் தள்ள 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடும் ஃபேனுக்குத் தெம்பு கிடையாது. தடிமனின் பலன் வேகத்தைக் கூட்டினால்தான் தெரியும், அப்புறம் அமைதி எங்கே?

கேமில் கார்டு 300 வாட், பிராசசர் 80 வாட் என்று வையுங்க. தண்ணீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், 800 ஆர்பிஎம்மில் ஒரு 120 மிமீ ஃபேன் அளவு ரேடியேட்டர் பரப்பு தோராயமாக 55 வாட்டை வெளியேற்றும். 140 பரப்பு அதைவிட 36% பெரிது. மூன்று 120, இரண்டு 140 சேர்ந்து மொத்தம் 315 வாட் வருது. ஆக, 380 வாட்டுக்கு 12 டிகிரி ஏறும், தண்ணீர் 45-ல் நிற்கும். தண்ணீரைச் சுற்றவிடும் டி5 பம்பின் வரம்பு 60 டிகிரி, அதனால் கவலையில்லை.

ரேடியேட்டரின் ஃபின் (மெல்லிய உலோகத் தகடு) அடர்த்தி அங்குலத்துக்கு 16-ஐத் தாண்ட வேண்டாம். அலுமினியம் ரேடியேட்டர் வேண்டவே வேண்டாம். சிப்பின் மேல் உட்காரும் செம்பு பிளாக்கோடு சேர்ந்தால் அரிக்கும்.

பதில் 2
ஃபேனுக்கு சிஎஃப்எம்மை (தள்ளும் காற்றின் அளவு) மட்டும் பார்க்காதீங்க, அழுத்தம் பாருங்க. நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25-க்கு 2.34 மிமீ (நீர்மட்ட உயரமாகச் சொல்லும் அழுத்தம்), ஆர்க்டிக் பி12-க்கு 2.2 மிமீ. பி12 விலை ரொம்பக் குறைவு, ஆனால் 1000 ஆர்பிஎம்மை ஒட்டி ஒரு ரீங்காரம் வரும். ஃபேன் கர்வ் (வெப்பத்துக்கு ஏற்ற வேக அமைப்பு) அந்த வேகத்தில் நிற்காதபடி அமைச்சுக்கோங்க.

பலர் கவனிக்காதது: சல்லடைத் தகட்டை ஒட்டி ஃபேனின் உறிஞ்சும் பக்கம் இருந்தால் எந்த ஃபேனும் ஊளையிடும். முன்பக்கம் ஃபில்டர், ரேடியேட்டர், ஃபேன் என்ற வரிசையில் வையுங்க. அந்த 30 மிமீ இடைவெளியே சத்தத்தைக் குறைக்கும்.

ஸ்க்ரூவில் ஜாக்கிரதை. 25 மிமீ ஃபேனுக்கு 30 மிமீ ஸ்க்ரூ. 35 போட்டு இறுக்கினால் முனை நீர்க்குழாயைக் குத்திவிடும், ரேடியேட்டர் போச்சு.

கேட்டவர்
மேலே உள்ளது காற்றை வெளியே தள்ளட்டுமா?

பதில் 2
தள்ளினால் முன்பக்க ரேடியேட்டர் சூடாக்கிய காற்றுதான் அதுக்குக் கிடைக்கும். இரண்டும் உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒரு 140 வெளியேற்றட்டும். மேலேயும் ஃபில்டர் போடுங்க.

பதில் 3
ஃபேன் வேகத்தைப் பிராசசர் வெப்பத்தோடு கட்டாதீங்க. ஒரு பிரௌசர் திறந்தாலே அது 15 டிகிரி துள்ளும், ஃபேனும் கூடவே கத்தும். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். ஜி1/4 மரை உள்ள வெப்ப சென்சர் (10 கிலோஓம்) ஒன்றை லூப்பில் திருகி, மதர்போர்டின் இரண்டு பின் வெப்ப சென்சர் ஹெடரில் செருகுங்க. தண்ணீர் 40 வரை 600, 45-ல் 850, 50 தாண்டினால் 1300 ஆர்பிஎம். வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும்.

டி5-ஐ முழு வேகமான 4800-ல் விடாமல் 2800 பக்கம் ஓட்டுங்க, அடியில் நுரை ரப்பர் வையுங்க. ஃபேனெல்லாம் அடங்கிய பிறகு காதில் விழுவது கேபினெட் தகட்டுக்கு இறங்கும் பம்ப் அதிர்வுதான்.