பேசிக் இன்ஸ்டிங்ட்: விமர்சனம் ஏன் இரண்டாகப் பிரிந்தது?

தெப்பக்குளம்_தென்கரை

வணக்கம். மதுரையில் விஸ்காம் முதுகலை படிக்கிறேன். ஒரு படம் வெளியானபோது வந்த விமர்சனத்தையும் பிற்பாடு மாறிய பார்வையையும் வைத்து ஒரு கட்டுரை தர வேண்டும். 1992-ல் வந்த ஹாலிவுட் கொலை மர்மப் படம் பேசிக் இன்ஸ்டிங்ட்டை எடுத்தேன். சார் தலைப்பைப் பார்த்துவிட்டு, “வேற படமே கிடைக்கலையாப்பா?” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் இந்தப் படம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடச் சொன்னார்.

குழப்பம் இதுதான். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். நியூயார்க் டைம்ஸில் ஜேனட் மாஸ்லின் மர்மப் பட இயக்குநர் ஹிட்ச்காக்கோடு ஒப்பிட்டுப் பாராட்டுகிறார். எடிட்டிங்குக்கும் இசைக்கும் ஆஸ்கர் பரிந்துரை. அதே படத்துக்காக, துப்பறியும் போலீஸாக நடித்த மைக்கேல் டக்ளஸ் பெயர் மோசமான நடிகருக்கான ராஸி (மோசமான படங்களுக்குக் கேலியாகத் தரும் விருது) பட்டியலிலும் இருக்கிறது. எந்த நூலைப் பிடித்து எழுதுவது? வீட்டில் ஹாலில் ஒரே டிவி என்பதால் மொபைலில்தான் பார்த்தேன்.

மாட்டுத்தாவணி_மைனர்

பிட்டுப் படத்துக்கெல்லாம் கட்டுரையா? எங்க காலத்துல இப்படி ஒரு பாடம் இல்லாமப் போச்சே.

பழைய_டெக்

தம்பி, மைனரை விடு. அவர் சொல்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஊரில் அந்தப் படம் அப்படித்தான் ஓடியது.

தொண்ணூறுகளில் சிம்மக்கல் பக்கம் ஒரு வீடியோ கடையில் நான் கல்லாவில் இருந்தேன். படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. “ஐஸ் ஊசி படம் இருக்கா?” என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். ஜிகர்தண்டா கடையில் ஐஸ் கட்டியைக் குத்தி உடைப்பார்களே, அந்த மாதிரி ஊசியால்தான் முதல் காட்சியிலேயே கொலை நடக்கிறது. கேசட் திரும்பி வரும்போது நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே ஆள் எதுவரை பார்த்தார் என்று தெரிந்துவிடும். முக்கால்வாசி, போலீஸ் விசாரணைக் காட்சியைத் தாண்டியதும் நிற்கும். அந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி நாடா தேய்ந்து, திரையில் வெள்ளைக் கோடு ஓடும். ஹெட்டைத் துடைத்தாலும் போகாது.

அமெரிக்காவிலும் ஆபாசம் என்றுதான் சண்டை போட்டிருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே தெருவுக்கு வந்த சண்டையே வேறு. 1991-ல் சான் பிரான்சிஸ்கோவில் படப்பிடிப்பு நடக்கும்போதே தற்பாலின ஈர்ப்பாளர் அமைப்புகள் வந்து மறித்தன. கலவரத் தடுப்புப் போலீஸை நிறுத்தி வைத்துப் படமெடுத்தார்கள். கோபத்துக்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது. நாயகி கேத்தரின் (ஷரோன் ஸ்டோன்), ராக்ஸி, பெத் ஆகிய பாத்திரங்கள் மூவரும் பெண்களோடும் உறவு வைத்தவர்கள், மூவர் மீதும் கொலைச் சாயல். ஹாலிவுட்டில் அப்படிப்பட்ட பெண் தலைகாட்டினாலே கொலைகாரிதானா என்று கேட்டார்கள். திரைக்கதைக்கு 30 லட்சம் டாலர் வாங்கிய ஜோ எஸ்டர்ஹாஸ், அவர்களோடு பேசிவிட்டுச் சில இடங்களை மாற்றலாம் என்றார். இயக்குநர் பால் வெர்ஹோவன் ஒத்துக்கொள்ளவில்லை. படம் வந்ததும் கொலைகாரி யார் என்பதை அட்டையில் எழுதித் தியேட்டர் வாசலில் பிடித்தார்கள். மர்மப் படத்துக்கு இதைவிடப் பெரிய ஆப்பு உண்டா?

ஈபர்ட்டின் குறை கதைமேல். குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி, நிரப்பும்வரை சுவாரசியம், நிரப்பிய பிறகு வெறும் காகிதம் என்கிற அர்த்தத்தில் எழுதினார். மாஸ்லினும் எல்லாம் பொருந்தி வருகிறது என்று சொல்லவில்லை, பொருந்தாத இடத்திலும் படம் நம்மைப் பிடித்து உலுக்குகிறது என்கிறார். அப்புறம் தணிக்கை தனிக் கதை. பெரியவர்களுக்கு மட்டும் என்கிற என்சி-17 சான்றிதழ் கிடைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று சில நொடிகளை வெட்டி, வேறு கோணத்தில் எடுத்த ஷாட்களைப் போட்டு, அதைவிடத் தளர்வான ஆர் சான்றிதழ் வாங்கினார்கள். நீ பார்த்தது வெட்டிய பதிப்பா, முழுப் பதிப்பா? அதைக் கட்டுரையில் சொல்லிவிடு. தெருப் போராட்டம், விமர்சனம், தணிக்கை என்கிற இந்த மூன்று சண்டையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

என் கட்சி கொஞ்சம் மாஸ்லின் பக்கம். விசாரணைக் காட்சியில் ஷரோன் ஸ்டோன் வெள்ளை உடையில் தனி நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைக்கிறார். இங்கே புகைக்கக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வீர்கள், புகைபிடித்ததற்கு வழக்குப் போடுவீர்களா என்கிறார். எதிரே இத்தனை ஆண்கள், வியர்ப்பது அவர்களுக்குத்தான். இதுவரை எல்லோரும் பார்த்தார்கள். பிற்பாடு இன்னொரு கொலைக்காக டக்ளஸைக் கூட்டிவந்து அதே மாதிரி உட்காரவைத்து விசாரிப்பார்கள். அவரும் சிகரெட்டைப் பற்றவைத்து அதே வசனத்தைச் சொல்வார். துப்பறிய வந்தவன் அவளாகவே மாறிவிட்டான் என்பதை வெர்ஹோவன் ஒரு வரியில் முடித்துவிடுகிறார். எங்கள் கேசட் அந்த இடத்தில் புத்தம்புதிதாக இருக்கும்.

செல்லூர்_வாசகி

பழைய டெக் அண்ணே, எழுதினது நல்லா இருக்கு. ஆனால் அந்தக் காட்சியைப் புகழும்போது அதில் நடித்தவர் சொன்னதைத் தாண்டிப் போகக் கூடாது. 2021-ல் வந்த தன் நினைவுக்குறிப்பில் ஸ்டோன், விசாரணையில் கால் மாற்றிப் போடும் ஷாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்: உள்ளாடையின் வெள்ளை ஒளியைப் பிரதிபலிக்கிறது, கழற்றிவிடுங்கள், எதுவும் தெரியாது என்று சொன்னார்களாம். ஏஜென்ட்களும் வக்கீல்களும் நிறைந்த அறையில் படம் போட்டபோதுதான் அந்தரங்கம் திரையில் தெரிவதைப் பார்த்தாராம். வெர்ஹோவனை அறைந்துவிட்டு வெளியே வந்தேன் என்கிறார். என்ன எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும் என்பது வெர்ஹோவன் தரப்பு. தம்பி, இதைக் கிசுகிசு என்று ஒதுக்காதே. பிற்காலப் பார்வை மாறியதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இன்னொன்று. “பெண்ணியவாதிகள் எதிர்த்தார்கள்” என்று ஒரே வரியில் எழுதிவிடாதே. பெண்ணிய எழுத்தாளர் கமீல் பாலியா போன்றவர் கேத்தரினைக் கொண்டாடியிருக்கிறார்.

தெப்பக்குளம்_தென்கரை

ரொம்ப நன்றி அண்ணே, நன்றிக்கா. மூன்று சண்டை என்று பிரித்தால் அளவு கைக்கு அடங்கிவிடும். வசூலை எவ்வளவு பேசுவது? சார் கேட்பார்.

பழைய_டெக்

வாசகி சொன்னதைக் கட்டாயம் சேர். அந்த ஷாட்டைப் பற்றி நான் வாதாட வரமாட்டேன். அது இல்லாமலே காட்சி நிற்கும் என்பது என் எண்ணம்.

வசூலுக்கு ஒரு பத்தி போதும். 4.9 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 35 கோடிக்கு மேல் வந்தது. அதைப் பார்த்து அதே பாணியில் வரிசையாகப் படம் எடுத்தார்கள். வெர்ஹோவனும் எஸ்டர்ஹாஸும் மறுபடி சேர்ந்து 1995-ல் ஷோகேர்ள்ஸ் எடுத்து அடிவாங்கினார்கள். அதற்குக் கிடைத்த ராஸியை வெர்ஹோவன் மேடையேறி நேரில் வாங்கிக்கொண்டார், மனுஷன்! 2006-ல் வேறொருவர் இயக்கிய இரண்டாம் பாகம் மோசமான படத்துக்கான ராஸியையே வாங்கியது. காசையும் தோலையும் வைத்து மட்டும் முதல் படம் நிற்கவில்லை என்பதற்கு அது உனக்கு உதவும்.

சாருக்கு அந்தச் சிகரெட் வசனம் வரும் இரண்டு இடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டு. ஏன் இந்தப் படம் என்பதற்கு அதுவே முதல் பக்கம். முதல் துண்டை வசனம் முடிந்ததுமே நிறுத்திவிடு. கால் மாற்றிப் போடும் இடம் அதற்கப்புறம்தான் வருகிறது, உன் வகுப்பில் விசில் பறக்கும்.