செராமிக் கோட்டிங்குக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சியிலிருந்து, செவ்வாய் இரவு

கலைச்சொற் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டி பெயிண்டிங் பிரிவுக்கு வகுப்பெடுக்கிறேன். "என் காருக்கு மேல என்ன கோட்டிங் போடலாம்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் மாணவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு. வெள்ளி மாலைக்குள் நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும்.

ஆலையிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் கிளியர் கோட் 40, 50. அந்தக் கிளியர் கோட்டைக் காப்பாற்றத்தான் மற்றதெல்லாம்: ஒன்றிரண்டு மாதம் தாங்கும் வேக்ஸ், டெஃப்ளான் என்று விற்கப்படுவது, செராமிக் கோட்டிங், பிபிஎஃப் என்கிற ஒட்டுப்படலம்.

செராமிக்குக்கு அகராதியில் மட்பாண்டம், பீங்கான் என்று இருக்கிறது. "பீங்கான் பூச்சு" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன், "சார், கை கழுவுற பேசின்ல இருக்குறதையா கார்ல அடிக்கிறாங்க?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை. உதவுங்கள்.

மதுரையிலிருந்து, புதன் காலை

அன்புள்ள பயிற்றுநருக்கு, பீங்கான் வேண்டாம். அது பாரசீக வழி வந்த சொல். முலாமும் அப்படித்தான், உருது வழியாக வந்தது. பூச்சுக்குத் தமிழில் பஞ்சம் இல்லை. பூசு, தடவு, அப்பு, தீற்று, மெழுகு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு கைவேலை. சுவரில் சுண்ணம் பூசிக் கல்லால் தேய்த்து மினுக்குவது தீற்றுதல். செட்டிநாட்டு வீடுகளின் சுவர் இன்றும் முகம் காட்டுகிறதே, அது தீற்றிய சுவர்.

என் விருப்பம் மெழுகு. பெயராக வந்தால் தேன்மெழுகு, வினையாக வந்தால் பரப்பின் மேல் பூசுவது. புறநானூறு 249இல் கணவனை இழந்தவள் சுளகளவு இடத்தைத் தன் கண்ணீரால் சாணமிட்டு மெழுகுகிறாள். இரண்டாயிரம் ஆண்டுக் கைப்பழக்கம் அந்தச் சொல்லில் இருக்கிறது. கோட்டிங் என்பதற்கு "மெழுகல்" என்று வைத்து மேலே கட்டுங்கள்.

கோவையிலிருந்து, புதன் மதியம்

வணக்கமுங்க. பட்டறைக்காரன் பேசறேன். ஐயா சொன்ன பாட்டு மனசைப் பிசையுதுங்க. ஆனா மெழுகல்னா எங்க பசங்களுக்கு வேக்ஸ்தான். "செராமிக் மெழுகல்"னு எழுதினா ரெண்டு சரக்கும் ஒண்ணுன்னு ஆயிரும். ரெண்டும் ஒண்ணில்லைங்க. வேக்ஸ் மேல உட்காருது. செராமிக்ல இருக்கிற சிலிக்கா சேர்மம் காத்து ஈரத்தோட சேர்ந்து இறுகி, கிளியர் கோட்டைப் பிடிச்சுக்குது. சோப்பு போட்டுக் கழுவினா போகாது, பாலிஷ் போட்டுத் தேய்ச்சுத்தான் எடுக்கணும்.

இன்னொண்ணு. தயவுசெஞ்சு யாரும் "கவசம்"னு வெக்காதீங்க. எங்கிட்ட வந்த ஒரு வாடிக்கையாளர் வேற எங்கியோ செராமிக் போட்டுட்டு, இனி கீறலே விழாதுன்னு நம்பி இருந்தார். பைபாஸ்ல லாரி டயர் தெறிச்ச ஜல்லி பானெட்ல பெயிண்டையே எடுத்துருச்சு. அவருக்கு அழாத குறை. செராமிக் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான். பிபிஎஃப் 150, 200 மைக்ரான் கெட்டி, அது கல்லடி தாங்கும். "9ஹெச்"னு டப்பாவுல போட்டிருக்கறது பென்சில் கடினம். பென்சிலால கீறிப் பாக்கற சோதனை. அதை வைரத்தோட ஒப்பிடற கல்லுக் கடினக் கணக்குன்னு பல பேர் நினைக்கிறாங்க.

பேரே பொய் சொல்லக் கூடாதுங்க. பேரைக் கேட்டுத்தான் பணம் குடுக்கறாங்க.

சென்னையிலிருந்து, புதன் மாலை

கோவை அண்ணன் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான செய்தி. ஆனால் அதையே என் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்கிறேன். இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் இருக்கிறேன். பேருந்து என்ற சொல் நின்றது, நிலையத்தின் நெற்றியில் எழுதியிருந்ததால். கார் கோட்டிங் கடையின் நெற்றியில் "செராமிக்" என்று தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மாணவன் நாளைக்கு அந்தக் கடையில்தான் வேலைக்குப் போகிறான். அவன் நாவில் கடைக்காரருக்குப் புரியாத சொல்லை வைத்து அனுப்பினால் நஷ்டம் அவனுக்கு. செராமிக் கோட்டிங், வேக்ஸ், பிபிஎஃப் என்றே எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் நல்ல தமிழில் கொடுங்கள்.

மதுரையிலிருந்து, புதன் இரவு

அம்மா, கடைப்பலகையில் இருப்பதே தமிழ் என்றால் இந்தக் குழு எதற்கு? "செராமிக்" கிரேக்கத்தில் குயவன் மண்ணைக் குறிக்கும் சொல். அவர்கள் தங்கள் குயவனிடமிருந்து எடுத்தார்கள். நாம் அவர்கள் கடையிலிருந்து எடுக்க வேண்டுமா?

மெழுகலைக் கைவிடுகிறேன், பட்டறை நண்பர் சொன்ன காரணம் சரி. வேறொன்று தருகிறேன்: பளிங்கு. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்கிறது குறள் 706. பக்கத்தில் இருப்பதைத் தன்னுள் காட்டும் பரப்பு. சிலிக்காதான் அந்தப் பளிங்கின், அதாவது படிகக்கல்லின், உடம்பு, எனவே வேதியியலும் ஒத்துப்போகிறது. பளிங்குப் பூச்சு.

பிபிஎஃபுக்கு மெய்ப்பை. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலில் நிற்கும் யவனர் மெய்ப்பை புக்கவர், அதாவது சட்டை அணிந்தவர். காரின் மெய்யை மூடுகிற பை.

கோவையிலிருந்து, புதன் இரவு

ஐயா, பளிங்குன்னா இங்க டைல்ஸ் கடைதானுங்க. தரைக்குப் போடற மார்பிள். மெய்ப்பையைக் கேட்டா பசங்க கார் கவர்னு நினைச்சுக்குவாங்க.

திருவரங்கத்திலிருந்து, வியாழன் காலை

எல்லோருக்கும் நமஸ்காரம். நான் அதிகம் எழுதுவதில்லை, படிக்கிறவள். ஒன்று தோன்றியது. எங்கள் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. தண்ணீர் பட்டால் கரையும் என்று மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. தைலக்காப்புதான் சாத்துவார்கள். ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க்காப்பு, அம்மனுக்குச் சந்தனக்காப்பு. பூசுகிறதும் காக்கிறதும் சேர்ந்து ஒரே சொல்லாகத் தினமும் வாயில் வருகிறது. பெயிண்ட் கெடாமல் மேலே மெல்லிசாகப் பூசுகிறதற்கும் "காப்பு" என்றே சொன்னால் என்ன? பயிற்றுநர் தம்பியின் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் இதை விளக்க வேண்டியிராது.

திருச்சியிலிருந்து, வியாழன் காலை

அம்மா, இடைவேளையில் உங்கள் மடலைப் படித்தேன். அடுத்த வகுப்பிலேயே எழுதிப் பார்த்தேன்: மெழுகுக்காப்பு, பளிங்குக்காப்பு. பேசின் கேட்ட அதே பையன், "சந்தனக்காப்பு மாதிரியா சார்? அப்ப அப்பப்போ மறுபடி சாத்தணும்" என்றான். எந்தக் காப்பும் நிரந்தரம் இல்லை என்பதைப் புரியவைக்க எனக்கு ஒரு வகுப்பு முழுவதும் ஆகும். பெயரே அதைச் சொல்லிவிட்டது.

மதுரையிலிருந்து, வியாழன் மதியம்

அருமை, அம்மா. கா என்னும் வேர், காத்தல், காப்பு, காவல். நூலின் முகப்பில் வைப்பதும் காப்பு, கையில் கட்டுவதும் காப்பு. தொல்காப்பியம் என்ற பெயரையே பழமையைக் காப்பது என்று தொல், காப்பு, இயம் எனப் பிரிப்பவர்கள் உண்டு. காப்பியக் குடி என்ற குடிப்பெயரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எனக்கு முதற்பிரிப்பில் நாட்டம். அப்படிப் பிரித்தால் இயம் என்பது...

(இதற்குப் பதிலாக வந்த பதினொரு மடல்களை "தொல்காப்பியப் பெயர்க்காரணம்" என்ற தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். நாளை மாலை அச்சு. கோட்டிங் பற்றி மட்டும் இங்கே. மட்டுறுத்துநர்)

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் இரவு

வணக்கம். பாடநூல் மொழிபெயர்ப்பில் கனகாலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கு. காப்பு அழகான சொல், மறுக்கேல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் வெப்பக் காப்பு, மின்காப்பு என்று ஏற்கெனவே இருக்கு. நாங்கள் அங்கே காவலி என்று போடுவம், அது வேறை கதை. உங்கடை மாணவருக்குக் காப்பு என்றால் ஒன்றைக் கடத்தாமல் தடுக்கிறது.

இலக்கணமும் இடிக்குது. சந்தனக்காப்பு எண்டால் சந்தனத்தால் ஆன காப்பு, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வெப்பக் காப்பு எண்டால் வெப்பத்திலிருந்து காப்பு, ஐந்தாம் வேற்றுமை. முதற்சொல் ஒன்றில் பூசும் பொருள், மற்றதில் பகை. நாளைக்கு யாரும் "மணற்காப்பு" என்று எழுதினால், மணலால் ஆனதோ, மணல் கீறாமல் காக்கிறதோ? கலைச்சொல்லுக்கு இந்த மயக்கம் ஆகாது.

காரின் காப்புறுதிப் பத்திரத்தோடும் குழம்பும் என்று சொல்ல நினைச்சன். அங்கே நீங்கள் அதைக் காப்பீடு என்கிறபடியால் விட்டிடுவம்.

என்ரை தெரிவு: மேற்பூச்சு. காய்ந்த சொல்தான். ஆனால் பொய்யும் இல்லை, மயக்கமும் இல்லை.

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன வேற்றுமை மயக்கம் உண்மையானது. ஆனால் தமிழில் தொகைகள் எல்லாமே அப்படித்தான் வாழ்கின்றன. தலைவலி மாத்திரை, சத்து மாத்திரை இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

என் நிலையிலிருந்து பாதி இறங்கி வருகிறேன். பின்பகுதி காப்பாக இருக்கட்டும், முன்பகுதி கடைச்சொல்லாக இருக்கட்டும். செராமிக் காப்பு. மாணவனும் கடைக்காரரும் சந்திக்கிற இடம் அது.

கிளியர் கோட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

மதுரையிலிருந்து, வியாழன் நள்ளிரவு

தெளிபூச்சு. தெளிந்த, தெளிகின்ற, தெளியும் பூச்சு, வினைத்தொகை. தெளித்தல் என்னும் வினைக்கும் பகுதி தெளிதான். எனவே தெளித்த பூச்சு என்றும் விரியும். துப்பாக்கியால் தெளிப்பது, உலர்ந்ததும் தெளிவாக நிற்பது. இரண்டு பொருளும் மெய். இப்படி ஒரு சொல் தானாக வந்து விழும் நாள் அபூர்வம்.

செராமிக் காப்புக்கு என் ஒப்புதல் இல்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

தெளிபூச்சு சூப்பருங்க ஐயா. இன்னைக்கே பசங்ககிட்டச் சொல்றேன்.

பிபிஎஃபுக்கு "காப்புத்தோல்"னு வெக்கலாமா? பசங்க ஏற்கெனவே "தோல் ஒட்டறோம்"னுதான் சொல்றாங்க. நல்ல சரக்குன்னா சின்னக் கீறல் வெயில் சூட்டுலயே கூடிரும், தோல் ஆறற மாதிரி.

டெஃப்ளானுக்குத் தமிழ்ப் பேர் தேடி மெனக்கெடாதீங்க. அந்தச் சரக்கு 327 டிகிரியில உருகறது. தோசைக்கல்லுல சூளை வெச்சு ஏத்தறாங்க. கார் மேல அந்தச் சூட்டுக்கு எங்கீங்க போறது? எங்க பெயிண்ட் பூத்துல 60 டிகிரிக்கு மேல வெக்க மாட்டோம். டெஃப்ளான்னு துணியில தொட்டுத் தேய்க்கறது வேக்ஸ் மாதிரி ஒண்ணுதான். அதை மெழுகுக்காப்புக்குக் கீழயே ஒரு வரியாப் போட்டுருங்க.

அப்படியே இதையும் சேத்துக்குங்க சார்: போர் தண்ணியில கழுவி வெயில்ல காய விட்டா எந்தக் காப்பு மேலயும் உப்புத் திட்டு விழும், செராமிக் போட்டாலும் துடைச்சே ஆகணும். வீதியில நிக்கற பழைய வண்டிக்கு மெழுகுக்காப்பு போதும். புது வண்டி, அஞ்சாறு வருசம் வெச்சிருக்கப் போறாங்கன்னா செராமிக். தினம் நெடுஞ்சாலையில ஓடற வண்டிக்கு பானெட், பம்பருக்கு மட்டுமாவது தோல். போடறதுக்கு முன்னால பழைய கீறலைப் பாலிஷ் பண்ணி எடுக்கணும், இல்லைன்னா கீறலையும் சேத்துத்தான் காப்பாத்தும்.

மதுரையிலிருந்து, வெள்ளி காலை

காப்புத்தோல் நன்று. பழந்தமிழில் தோலுக்குக் கேடயம் என்றும் பொருள் உண்டு. கல்லடி தாங்குவதற்குக் கேடயத்தின் பெயர் பொருந்தும். மெய்ப்பையை மகிழ்வோடு திரும்பப் பெறுகிறேன்.

திருச்சியிலிருந்து, வெள்ளி மாலை

நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன். தெளிபூச்சு, மெழுகுக்காப்பு, காப்புத்தோல் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். நான்காவதுக்கு ஆறு பேர் செராமிக் காப்பு, இரண்டு பேர் பளிங்குக்காப்பு, ஒருவர் மேற்பூச்சு. செராமிக் காப்பு என்று எழுதி, அதன் கீழே "பளிங்குக்காப்பு என்றும் சொல்லலாம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஐயா, உங்களுக்காக மட்டும் சேர்க்கவில்லை. குறள் 706ஐ வகுப்பில் சொன்னபோது பையன்கள் எழுந்துபோய்ச் சோதனைப் பலகையில் முகம் பார்த்தார்கள்.

கல்லடியைச் செராமிக் தாங்காது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி இரவு

வாழ்த்துகள் தம்பி, வேலை முடிஞ்சது சந்தோசம். ஒன்றே ஒன்று கேக்கிறன். மின்சாரக் கார் பாடமும் உங்களிட்டையே வரப்போகுது எண்டு முந்தி ஒருக்கா எழுதியிருந்தியள். செம்மஞ்சள் நிற உயர்மின்னழுத்த வயர்களைப் பற்றிப் படிப்பிக்கேக்கை "காப்பு உரிஞ்சிருந்தால் தொடாதே" என்று எழுதுவியள்தானே. அதே மாணவன், பெயிண்ட் பாடத்திலை காப்பு தேய்ஞ்சால் மறுபடி சாத்தலாம் என்று படிச்சிருப்பான். அந்தப் பாடத்துக்கு என்ன செய்யப் போறியள்?

திருச்சியிலிருந்து, வெள்ளி இரவு

அண்ணா, அதை நான் யோசிக்கவில்லை. அந்தப் பாடம் ஜூனில். புது இழை தொடங்குகிறேன்.