தலையில் அடிபட்ட பிறகு விடாத தலைவலி: உங்கள் பிள்ளைக்கு எப்படிப் போனது?

மாட்டுங்கா அம்மா:
மும்பை ஆசாத் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் எப்படி இருக்கும் என்று தெரியுமே, ஒரு ஆட்டத்துக்குள் இன்னொரு ஆட்டம். பக்கத்து ஆட்டத்துப் பந்து என் பையனுக்குக் காதுக்கு மேலே பட்டது. வயது 15. சி.டி. ஸ்கேன் நார்மல். மூன்றாம் நாள் ஆரம்பித்த தலைவலி நின்றபாடில்லை. நான்கு மாதம் கழித்து, துவைக்கலாம் என்று கிட் பையைக் கவிழ்த்தேன், பேடுக்குள்ளிருந்து காலி மாத்திரை அட்டைகள் கொட்டின. ஒன்பது. நான் கொடுத்தது போக அவனாகவும் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடப் போயிருக்கிறான். "சொன்னா டீம்லேருந்து எடுத்துடுவாங்கம்மா" என்றான். நரம்பியல் டாக்டர் அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் என்றால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். இன்னும் அந்தப் பையைத் தொட்டால் வயிற்றைப் பிசைகிறது.

செம்பூர் அப்பா:
இதைப் படித்து யாரும் மாத்திரையே கூடாது என்று நினைக்க வேண்டாம், முதல் சில நாள் பாராசிட்டமால் கொடுப்பது வழக்கம்தான். நாங்கள் செய்த தப்பு வேறு. பெண் பத்தாம் வகுப்பு, மழையில் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்தாள். மூன்று வாரம் திரையை இழுத்துவிட்டுப் படுக்கவே வைத்தோம். ஒரு நாள் அந்த இருட்டில், "பெருசா ஏதோ இருக்கு, மறைக்கிறீங்க இல்லப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அப்புறம் மெதுவாக நடக்க விடுங்கள், அரை நாள் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் சொன்னார்.

சயான் அக்கா:
சார், அரை நாள் பள்ளி சொல்ல சுலபம். என் தம்பியின் பள்ளியில், ஸ்கேனில் ஒன்றுமில்லையே, நடிக்கிறான் என்றார்கள். அடிபட்டதில் மூளைக்கு வரும் இந்த அதிர்ச்சி (கன்கஷன்) ஸ்கேனில் தெரியாது, டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். வலி வந்த நாள், தூங்கிய நேரம், போட்ட மாத்திரை எல்லாம் நோட்டில் குறியுங்கள். 16 வயதுக்குள் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சர்வதேச கிரிக்கெட்டிலேயே 2019 முதல் தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரர் உண்டு, நம் பிள்ளைகளை மட்டும் ஏன் அன்றைக்கே திரும்ப இறக்குகிறார்கள்?

மாட்டுங்கா அம்மா:
நோட்டு போட்டாச்சு அக்கா. மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் வலி அதிகமானது, இப்போது பரவாயில்லை. செம்பூர் சார், உங்கள் பெண் முழு நாள் பள்ளிக்குப் போக எத்தனை வாரம் ஆனது?