வரம்பிலா ஜேக்கோபி அணியும் தன்னிணைச் செயலியும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். unbounded Jacobi matrix என்பதற்குத் தொண்டி ஐயா முன்வைத்த ‘எல்லையற்ற ஜேக்கோபி அணி’ என்ற தமிழ்ச்சொல் பற்றிக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். ஜேக்கோபி அணி என்பது மூலைவிட்டத்தையும் அதை ஒட்டிய இரு வரிசைகளையும் தவிர மற்ற இடமெல்லாம் 0 ஆக உள்ள சமச்சீர் அணி. ஐயா மன்னிக்க வேண்டும், அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. நம் பாடநூல்களில் எல்லை என்றால் ஒரு தொடர்முறை நெருங்கிப்போகும் மதிப்பு. போதாததற்கு, ‘எல்லையற்ற அணி’ என்றதும் பிள்ளைகள் ‘முடிவில்லாமல் நீளும் அணி’ என்றே எடுத்துக்கொள்வார்கள். நாம் பேசும் அணிகள் எல்லாமே அப்படி நீள்பவைதான். உறுப்புகள் ஓர் அளவுக்குள் அடங்குகின்றனவா என்பதே இங்கே கேள்வி. எடுத்துக்காட்டாக, ஹெர்மைட் பல்லுறுப்புக்கோவைகள் (ஒன்றுக்கொன்று செங்குத்தான பல்லுறுப்புக்கோவைகளின் ஒரு குடும்பம்) தரும் ஜேக்கோபி அணியில் மூலைவிட்டம் முழுக்க 0. அதை ஒட்டிய வரிசையில் 1/2, 2/2, 3/2 என்பவற்றின் வர்க்கமூலங்கள் ஏறிக்கொண்டே போகும். அதனால் ‘வரம்பிலா’ என்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது இன்னொரு சொல். self-adjoint என்பதைத் ‘தன்சேர்ப்பு’ என்று பலரும் எழுதிவருகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் ‘சேர்ப்பு அணி’ என்பது இணைக்காரணிகளை நிரை நிரல் மாற்றி எழுதி, நேர்மாறு காணப் பயன்படுத்துவது. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இங்கே வருவது நிரை நிரல் மாற்றோடு கலப்பெண் இணையும் எடுக்கும் செயல். ஆகவே ‘இணைச் செயலி’, தனக்குத் தானே இணையாக இருந்தால் ‘தன்னிணைச் செயலி’. செயலி என்று நான் சொல்வது operator, அதாவது ஒரு திசையனை இன்னொன்றாக மாற்றும் விதி; முடிவில்லாமல் நீளும் அணியும் அப்படி ஒன்றுதான்.

‘சமச்சீர்’ என்றே விட்டுவிடலாமே என்று கேட்ட தங்கைக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடற்பாசி வளர்ப்பவர்கள் மூங்கில் மிதவைகளைக் கயிற்றால் வரிசையாகப் பிணைத்துக் கடலில் விட்டிருப்பதை நம் கரையில் பார்த்திருப்பீர்கள். அலை ஒரு மிதவையைத் தூக்கினால் முன்னும் பின்னும் உள்ள இரண்டுதான் உடனே இழுபடும். ஜேக்கோபி அணியும் அப்படித்தான்: மூலைவிட்ட உறுப்பு அந்தந்த மிதவையின் சொந்தக் குணம், அதை ஒட்டிய வரிசை கயிற்றுப் பிணைப்பின் வலு.

இப்போது வரிசை முடிவில்லாமல் போகிறது, கயிறுகளும் போகப்போக வலுக்கின்றன என்று வையுங்கள். பிணைப்பு வலுக்க வலுக்க அசைவு அதை வேகமாகக் கடக்கும். கடக்கும் நேரம் ஏறத்தாழ வலுவின் தலைகீழி. மூலைவிட்டம் முழுக்க 0, வலு 1, 2, 3, 4 என ஏறினால் 1 + 1/2 + 1/3 என்று கூட்டல் நிற்காமல் வளரும். அசைவு கடைசிவரை போய்ச் சேராது. தலைகீழிகளின் கூட்டுத்தொகை இப்படி விரிந்தாலே போதும், செயலி தன்னிணை ஆகிவிடும். இதுதான் கார்லேமன் நிபந்தனை. வலு 1, 4, 9, 16 என ஏறினாலோ கூட்டல் சுமார் 1.645-இல் அடங்கிவிடும். அசைவு முடிவுள்ள நேரத்திலேயே முடிவிலியைத் தொட்டுவிடும். அங்கே போனபின் என்ன ஆகும் என்று அணி சொல்லவில்லை. நாம்தான் ஒரு நிபந்தனை தர வேண்டும். நிபந்தனையை மாற்றினால் செயலியின் நிறமாலையும் (spectrum, முடிவுள்ள அணியின் ஐகன் மதிப்புகளுக்கு ஒப்பான எண்களின் தொகுதி) மாறும். இரண்டு அணிகளும் சமச்சீர்தான், ஆனால் முதலாவது மட்டுமே தன் நிறமாலையைத் தானே தீர்மானிக்கிறது. இந்த வேறுபாடு கண்ணில் படாவிட்டால் வரம்பிலா அணிகளைப் பற்றித் தமிழில் எழுதவே முடியாது.

‘நிறமாலை’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும். இதில் நிறம் எங்கே என்ற கேள்வி நியாயம்தான். ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயரை வைத்தபோதும் நிறத்தோடு தொடர்பு தெரியாது. 1926-இல் குவாண்டம் இயற்பியலின் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்து, ஹைட்ரஜன் ஒளிக்கோடுகளே ஒரு செயலியின் நிறமாலையிலிருந்து கிடைத்தன. கணிதமும் இயற்பியலும் ஒரே சொல்லில் சந்திப்பது தமிழிலும் நடக்கட்டுமே.

சரி, ஒன்று பாக்கி இருக்கிறது. முதலில் கொடுத்த சார்பகத்தில் (செயலி செயல்படும் திசையன்களின் தொகுதியில்) தன்னிணையாக இல்லாமல், எல்லைகளையும் சேர்த்துச் செயலியை மூடியதும் வேறு வழியே இல்லாமல் தன்னிணை ஆகிவிடும் செயலிக்கு (essentially self-adjoint) ‘உள்ளபடி தன்னிணை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘உள்ளபடி’ பேச்சு வழக்காக ஒலிக்கிறதா, பொருத்தமாக இருக்கிறதா? ‘சாரத்தில் தன்னிணை’ என்பதைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.