பிடிஎஃப் பேசவில்லை, யாராவது கை கொடுங்கள்

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) தமிழுக்கு வந்திருக்கும் ஒரு பிள்ளைக்குப் பார்வை கிடையாது. லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் வாசிப்பதைக் கேட்டுத்தான் படிக்கிறாள்.

நான் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்தால் சத்தமே இல்லை. எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். மென்பொருளுக்கு அது வெறும் படம். இத்தனை நாள் எனக்கு இது உறைக்கவே இல்லை, வெட்கம்தான். அப்புறம் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தேன். எழுத்து வந்தது. ஆனால் அட்டவணைகள் சிதறிவிட்டன, ணகரமும் னகரமும் இடம் மாறிக் கிடக்கின்றன. இலக்கணப் பாடத்தில் இப்படி இருந்தால் எப்படி?

பெரிய தலைவலி பழைய வேர்ட் கோப்புகள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழ், என்விடிஏ வாசிப்பதோ ஆங்கில எழுத்தும் குறியும். இவற்றை மாற்ற நீங்கள் பயன்படுத்திப் பார்த்த, நம்பகமான மாற்றி எது?

தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் போட்டுவிட்டேன். என்விடிஏவின் பிரௌஸ் மோடில் (ஒற்றை விசையால் தாவிப் படிக்கும் முறை) எச் விசையைத் தட்டித் தட்டிப் பாடம் தாவுகிறாள், அதில் அவளுக்கு ஒரே குஷி.

மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், ஆளுக்கு 5 பக்கம் எடுத்தாலும் போதும். முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், கோப்பை அனுப்புகிறேன்.