பிளஸ் டூ இயற்பியலில் 68தான் வந்திருக்கிறது, நம்ப முடியவில்லை. பொறியியல் விண்ணப்பத் தேதியும் நெருங்குகிறது, என்ன செய்வது?

பனியன் கம்பெனி அண்ணன்:
வணக்கம். தங்கைக்கு ரிசல்ட் வந்துவிட்டது. கணிதம் 97, வேதியியல் 94, இயற்பியல் மட்டும் 68. செய்முறை, அகமதிப்பீடு இரண்டிலும் முழு மதிப்பெண், 30. அப்படியென்றால் எழுத்துத் தேர்வில் 70-க்கு 38. பரீட்சை முடிந்த அன்றே கேள்வித்தாளை வைத்து ஒரு மார்க் கேள்விகளைச் சரிபார்த்தாள், 15-ல் 13 சரி. ஐந்து மார்க் கேள்வி ஐந்தையும் எழுதியிருக்கிறாள். எப்படிக் கணக்குப் போட்டாலும் 38 வர வழியில்லை. மூன்று நாளாக வீட்டில் யாருடனும் பேசவில்லை.

பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் 200-க்கு 178-ல் நிற்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு ஜூன் முதல் வாரம் வரைதான் விண்ணப்பிக்க முடியும். நடுவில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் போன், இந்த வாரமே முன்பணம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறோம் என்று. நேராக மறுமதிப்பீடு போடலாமா? மதிப்பெண் மாறிய பிறகுதான் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

சாக்பீஸ்:
தம்பி, நான் இயற்பியல் ஆசிரியை. திருத்தும் மையத்துக்குப் பல வருடம் போயிருக்கிறேன். நேராக மறுமதிப்பீடு கிடையாது. முதலில் விடைத்தாள் நகல் கேட்க வேண்டும். நகல் கேட்கிற பாடத்துக்கு இப்போதே மறுகூட்டலும், அதாவது போட்ட மதிப்பெண்ணைத் திரும்பக் கூட்டச் சொல்வதும், சேர்த்துப் போடக் கூடாது. நகலைப் பார்த்த பிறகு, மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவுசெய்ய ஒரு வாய்ப்புத் தருவார்கள். அதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான், தவறவிடாதீர்கள்.

எல்லாம் அவள் படித்த பள்ளி வழியாகத்தான். விண்ணப்பித்ததும் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள விண்ணப்ப எண் இல்லாமல் நகலை இறக்க முடியாது. வருடா வருடம் நாலு பிள்ளைகளாவது அதைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

மலைக்கோட்டை:
என் பையனுக்கு 2023-ல் வேதியியலுக்கு இதே அலைச்சல். நகலுக்கு 275 ரூபாய் கட்டினேன். அதற்குப் பிறகு மறுகூட்டல் என்றால் 205, மறுமதிப்பீடு என்றால் 505. இந்த வருடக் கட்டணத்தைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காத்திருக்கவே காத்திருக்காதீர்கள்! கையில் இருக்கும் 68-ஐ வைத்தே இன்றைக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத் தேதி போனால் மதிப்பெண் கூடியும் பயனில்லை. தரவரிசை வெளியாகும் வரை நேரம் இருக்கிறது. 2024-ல் பிளஸ் டூ முடிவு மே 6, தரவரிசைப் பட்டியல் ஜூலை 10. பட்டியல் வந்த பிறகும் குறை சொல்லச் சில நாள் கொடுப்பார்கள். அப்புறம் அந்தத் தனியார் கல்லூரி விஷயம். அசல் சான்றிதழை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ-யின் விதியே இருக்கிறது. ஆனால் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டு அலைவது நாம்தானே.

சும்மா பார்க்க வந்தவன்:
எல்லாவற்றையும் ஓஎம்ஆர், அதாவது வட்டத்தை நிரப்பி மெஷின் திருத்தும் தாள், ஆக்கிவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காது. மெஷின் தப்புப் பண்ணாது.

கடல் கடந்தவள்:
பண்ணும் சார். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக 2005 அக்டோபரில் நடந்த எஸ்ஏடி தேர்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மதிப்பெண் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. ஈரப்பதத்தில் விடைத்தாள் விரிந்து, ஸ்கேனர் விடைக் குறிகளைத் தவறாகப் படித்திருக்கிறது. 2400-க்கு 450 வரை குறைந்தவர்கள்கூட உண்டு. இரண்டு பேர் பணம் கட்டிக் கையால் திருத்தச் சொல்லிக் கேட்டதில்தான் விஷயம் கிளம்பியது. அது வெளியே வந்தது 2006 மார்ச்சில். பல கல்லூரிகளில் விண்ணப்பத் தேதியே அதற்குள் முடிந்துவிட்டது.

பனியன் கம்பெனி அண்ணன்:
கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டோம். நகலும் வந்துவிட்டது. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஒன்றும் புரியவில்லை. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, தரையில் பரப்பிவைத்துப் பக்கம் பக்கமாகக் கூட்டினோம். ஒரு மார்க் 13, இரண்டு மார்க் 11, மூன்று மார்க் 14. இதுவே 38! ஐந்து மார்க் விடைகளுக்கு உள்ளே சிவப்பு மையில் 4, 4, 5, 3, 4 என்று போட்டிருக்கிறார்கள். முகப்புப் பக்கத்தில் அந்த ஐந்து கேள்விகளுக்கான, 34 முதல் 38 வரை எண்ணிட்ட கட்டங்கள் மட்டும் காலி. இருபது மார்க் மேல் பக்கத்துக்கு ஏறவே இல்லை. இப்போது மறுமதிப்பீடு போட்டால் இன்னும் இரண்டு மூன்று கூடுமா?

சாக்பீஸ்:
பேராசை வேண்டாம் தம்பி. மறுமதிப்பீடு என்றால் வேறொருவர் முதலிலிருந்து திருத்துவார். கூடவும் கூடும், குறையவும் குறையும், அவர் போடுவதுதான் முடிவு. உங்களுடையது வெறும் கூட்டல் பிழை, மறுகூட்டலே போதும். உள்ளே ஏதாவது விடை திருத்தாமல் விடுபட்டிருந்தால் நானே மறுமதிப்பீடு போடுங்கள் என்றிருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். திருத்துபவர் போட்டதைச் சரிபார்க்கவே தனியாக அலுவலர்கள் உண்டு. அதையும் தாண்டி இது வந்திருக்கிறது. ஏப்ரல் மாத வெயிலில் ஒரு கட்டு முடித்து அடுத்த கட்டு எடுக்கும்போது கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டு உங்கள் தங்கைக்கு ஆறுதல் வராது.

மலைக்கோட்டை:
முடிவு வரும்போது மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்களை மட்டும்தான் இணையதளத்தில் போடுவார்கள். பட்டியலில் எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று பொருள். தனியாகக் கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இருபது கூடினால் கட் ஆஃபில் பத்து ஏறும், இயற்பியலைப் பாதியாகத்தானே எடுக்கிறார்கள்.

பனியன் கம்பெனி அண்ணன்:
பட்டியலில் அவள் எண் இருக்கிறது! 88. கட் ஆஃப் 188. புதிய மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு கலந்தாய்வுச் சேவை மையத்துக்குப் போனோம், பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். தரவரிசை இன்னும் வரவில்லை. முன்பணம் கேட்ட கல்லூரிக்கு இனி போன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இருந்தும் நேற்று கூப்பிட்டார்கள்.

சாக்பீஸ் மேடத்துக்கும் மலைக்கோட்டை ஐயாவுக்கும் நன்றி. தங்கை இப்போது நன்றாகப் பேசுகிறாள். கணிதத்தில் அந்த மூன்று மார்க் எங்கே போனது, அதற்கும் ஏன் நகல் வாங்கவில்லை என்று காலையிலிருந்து என்னோடு சண்டை.