மைஎஸ்கியூஎல்: தேதியுடன் 14 நாட்களைக் கூட்டும்போது மாதக் கடைசியில் மட்டும் பிழை வருகிறது

கேள்வி

வணக்கம். எங்கள் பள்ளி நூலகத்திற்காக மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நூலைத் திருப்பித் தர 14 நாட்கள் அவகாசம் என்பதால், அப்டேட் கட்டளையில் 'கெடு_நாள் = வழங்கிய_நாள் + 14' என்று எழுதியிருந்தேன். ஜனவரி 17 வரை வழங்கிய நூல்களுக்குக் கெடு நாள் சரியாக இருக்கிறது. 18 முதல் எல்லாவற்றுக்கும் 0000-00-00 என்று பதிவாகியிருக்கிறது. மாணவர்களிடம் தரும் சீட்டிலும் அதுவே அச்சாகிறது. தவறு எங்கே இருக்கிறது?

மறுமொழி 1

மைஎஸ்கியூஎல்லில் தேதியுடன் வெறும் எண்ணைக் கூட்டினால், அந்தத் தேதி முதலில் ஓர் எண்ணாக மாறிவிடும். 2024-01-17 என்பது 20240117 ஆகி, 14 சேர்ந்து 20240131 ஆகிறது. அது செல்லத்தக்க தேதி. 18-ஆம் தேதிக்கு 20240132 கிடைக்கிறது. ஜனவரியில் 32-ஆம் நாள் இல்லை. உங்கள் சர்வரில் ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருப்பதால்தான் பிழைச்செய்தியோடு நிற்காமல் சுழியங்களைப் பதிந்திருக்கிறது. போஸ்ட்கிரஸ், ஆரக்கிள் ஆகிய வேறு தரவுத்தளங்களில் இதே கூட்டல் நாட்களையே கூட்டும் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

'வழங்கிய_நாள் + இன்டர்வல் 14 டே' என்று எழுதுங்கள். டேட்_ஆட் செயல்கூறும் இதே பலனைத் தரும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. பழைய பதிவுகள் அனைத்தையும் மறுபடி கணக்கிட வேண்டுமா? சிலருக்கு அவகாசத்தை நீட்டித்துக் கையால் மாற்றியிருக்கிறேன். ஆசிரியர்களுக்கு ஒரு மாதம் தருகிறோம். அதற்கு 'இன்டர்வல் 1 மன்த்' போதுமா?

மறுமொழி 1

அனைத்தையும் தொடாதீர்கள், நீட்டித்தவை அழிந்துவிடும். அந்தக் கூட்டல் செல்லத்தக்க தேதியைத் தந்த இடங்களில் மாதம் மாறவில்லை, ஆகவே விடையும் சரியானதே. நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, கெடு நாள் 0000-00-00 என்று உள்ள வரிகளை மட்டும் திருத்திவிட்டு, அதன்பின் ஸ்ட்ரிக்ட் மோடை இயக்குங்கள்.

மாதக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 ஜனவரி 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களுடனும் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரி 29 தான் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு அவகாசம் வேண்டுமென்றால் 30 நாட்கள் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி 2

தேடலுக்கு ஒரு குறிப்பு: 14 நாட்களுக்கு முன் வழங்கியவற்றை எடுக்கும்போது 'வழங்கிய_நாள் < கர்டேட்() - இன்டர்வல் 14 டே' என்று இன்றைய தேதியின் பக்கம் கழியுங்கள். நெடுவரிசையோடு கூட்டினால் அதன் மேலுள்ள இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அகரவரிசை போன்ற அமைப்பு) பயன்படாமல் போகும்.

கேட்டவர்

சுழிய வரிகளை மட்டும் திருத்தினேன். ஜனவரி 25-இல் வழங்கிய நூலுக்கு இப்போது பிப்ரவரி 8 என்று வருகிறது. நீட்டித்த பதிவுகளும் அப்படியே உள்ளன. இருவருக்கும் நன்றி.